பகைவரின் பிள்ளைக்குப் பால் கேட்டவர்



நத்தார்ப் பெருவிழாவின் ஆரவாரம் அடங்கிய மூன்றாம் நாள், டிசெம்பர் 28ஆம் திகதி, திருச்சபை மாசில்லாக் குழந்தைகளின் விழாவைக் கொண்டாடுகிறது. தன் அரியணைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அஞ்சிய ஏரோது மன்னன் பெத்லகேமின் பச்சிளம் பாலகரை வாளுக்கு இரையாக்கிய கொடுமையை அன்று நினைவுகூருகிறோம். குருவானவர் சிவப்புத் திருவுடை அணிந்து திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார். ஆனால் உண்மையைச் சொல்வதானால், நம்மில் பலர் அந்நாளைக் கவனிப்பதேயில்லை. பலகாரம் தீர்ந்து, வந்த உறவினர் ஊர் திரும்புகின்ற நாள் அது.

1919ஆம் ஆண்டில் அவ்விழா அப்படிக் கழியவில்லை. அந்நாளில் உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆலயங்களில் சிறப்புக் காணிக்கை எடுக்கப்பட வேண்டுமெனப் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் ஆயர்கள் அனைவருக்கும் சுற்றுமடல் எழுதியிருந்தார். முதலாம் உலகப் போரின் பின் பட்டினியால் வாடிய மத்திய ஐரோப்பாவின் குழந்தைகளுக்காகவே அக்காணிக்கை கேட்கப்பட்டது. அந்தக் குழந்தைகளுக்காக அவ்வேளையில் ஐரோப்பாவின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தவர்களுள் ஒரு பெண்மணி முதன்மையானவர். அவர் கத்தோலிக்கர் அல்லர். அங்கிலிக்கன் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு மாதங்களுக்கு முன்னர்தான் இலண்டன் நீதிமன்றமொன்றில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுத் தண்டம் விதிக்கப்பட்டவர். அவருடைய பெயர் எக்லன்டைன் ஜெப்.

இன்று சிறுவர் உரிமை என்ற சொல் பாடசாலைச் சுவர்களிலும் அரச அலுவலகங்களின் பதாகைகளிலும் காணப்படுகிறது. அச்சொல்லுக்கு உலக நாடுகளின் சபையில் முதன்முதலாக இடம்பெற்றுத் தந்தவர் அவரே. அவருடைய வாழ்வைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எக்லன்டைன் 1876ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில் எல்ஸ்மியர் என்னும் சிற்றூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தாயார், கிராமப்புற ஏழைகளுக்குக் கைவினைக் கலைகளைக் கற்பிக்கும் சங்கமொன்றை நிறுவியவர். ஒக்ஸ்போர்டில் வரலாறு கற்கச் சென்ற காலத்தையொட்டி முதலில் தந்தையையும், பின்னர் 1896இல் இளைய சகோதரனையும் மரணத்திற்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவரை வேத நூலுக்கும் செபத்திற்கும் நெருக்கமாக்கியது. வசதியுள்ள பெண்கள் ஏழைகளின் பாடசாலையில் கற்பிப்பது அக்காலத்தில் அரிதாயிருந்தும், ஆசிரியப் பயிற்சி பெற்று மால்பரோ நகரில் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பணி அவருக்கு ஒத்துவரவில்லை. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகளில் உடலும் மனமும் சோர்ந்து விலகினார். குழந்தைகளின் கூட்டத்தில் இருப்பது அவருக்கு இன்பமளிக்கவில்லை. அவர்களுடைய இரைச்சல் அவரைக் களைப்படையச் செய்தது. தாம் குழந்தைகளோடு பழகும் திறமையற்றவர் என்பதைத் தம் கடிதங்களில் அவர் ஒளிக்கவுமில்லை. அவர் திருமணம் செய்யவுமில்லை, பிள்ளை பெறவுமில்லை. குழந்தைகளின் காவலர் என்றவுடன் மடியில் மழலைகளை ஏந்திய அன்னையின் உருவத்தை நாம் மனத்தில் வரைந்துகொள்கிறோம். எக்லன்டைன் அந்த உருவத்திற்குப் பொருந்தமாட்டார். அவருடைய வாழ்வின் பெறுமதியே இதில்தான் இருக்கிறதென எனக்குத் தோன்றுகிறது. குழந்தையை நமக்குப் பிடித்திருப்பதனால் அதற்குச் சோறு கொடுக்கிறோமா, அல்லது சோறு அதற்கு உரியது என்பதனால் கொடுக்கிறோமா? முன்னது நம் மனநிலையைப் பொறுத்தது. பின்னது நீதி.

ஆசிரியப் பணியை விட்ட பின்னர் கேம்பிரிஜ் நகரில் தாயாருடன் வாழ்ந்து, அங்குள்ள ஏழைகளின் நிலையை ஆராய்ந்து 1906இல் ஒரு நூலை வெளியிட்டார். 1913ஆம் ஆண்டு அவருடைய பாதை திரும்பியது. பால்கன் நாடுகளில் நடந்த போரின் பின், மசிடோனியாவில் அகதிகளாகியோருக்கு நிவாரணப் பணத்தைக் கொண்டுசெல்லும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர்களிலிருந்து துரத்தப்பட்டு ஒண்ட இடமின்றி நின்ற குடும்பங்களை அவர் அங்கே கண்டார். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். துரத்தியவர்களோ கிறிஸ்தவப் படையினர். இது அவருடைய உள்ளத்தை ஆழமாகக் குத்தியது. போர் முடிந்ததென்று தலைநகரங்களில் அறிவிக்கப்பட்ட பின்னரும் அந்தக் குடும்பங்களுக்குப் போர் முடியவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டு நாடு திரும்பினார்.

அடுத்த ஆண்டே பெரும்போர் மூண்டது. எக்லன்டைனின் தங்கை டொரோத்தி பக்ஸ்டன் அரசின் அனுமதியுடன் எதிரி நாடுகளின் பத்திரிகைகளைத் தருவித்து, அவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டு வந்தார். மொழிபெயர்ப்பில் தமக்கையும் துணைநின்றார். இலண்டனில் எல்லோரும் வெற்றிச் செய்திகளை வாசித்துக்கொண்டிருந்த வேளையில், இவ்விரு சகோதரிகளும் ஜேர்மனியிலும் ஒஸ்ட்ரியாவிலும் பால் இன்றி, கொழுப்பின்றி, நிலக்கரியின்றிக் குழந்தைகள் நலிந்து வருவதை வாசித்துக்கொண்டிருந்தனர்.

1918 நவம்பர் 11ஆம் திகதி பீரங்கிகள் ஓய்ந்தன. ஆயினும் நேச நாடுகள் விதித்திருந்த கடல் முற்றுகை ஓயவில்லை. தோற்ற நாடுகள் சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிடும்வரை அவற்றின் கழுத்தைப் பிடித்திருப்பதே நோக்கமாயிருந்தது. ஜேர்மனி மீதான முற்றுகை 1919 ஜூலையிலேதான் முற்றாக நீங்கியது. அந்த மாதங்களில் வியன்னா நகரின் மருத்துவமனைகளில் என்புருக்கி நோயும் காசநோயும் குழந்தைகளை அள்ளிச் சென்றன. பொருளாதாரத் தடை எத்தகையது என்பதை நம் வடபகுதித் தாய்மாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டளையிடுகிறவர் எதிரியின் படையை நினைத்து இடுகிறார். ஆனால் தடை முதலில் போய்ச் சேருவது தொட்டிலிடம்.

1919இன் தொடக்கத்தில் பஞ்சத்திற்கு எதிரான மன்றமொன்றைச் சகோதரிகளும் நண்பர்களும் அமைத்து, முற்றுகையை நீக்குமாறு அரசைக் கோரினர். அரசு அசையவில்லை. அப்போது எக்லன்டைன் வீதிக்கு இறங்கினார். எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒஸ்ட்ரியக் குழந்தையின் படத்தை அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களை இலண்டன் ட்ரபல்கர் சதுக்கத்தில் வழிப்போக்கரிடம் வழங்கினார். போர்க்காலச் சட்டப்படி தணிக்கை அதிகாரியிடம் அனுமதி பெறாதது குற்றம். பொலிஸார் கைது செய்தனர். மே மாதத்தில் வழக்கு நடந்தது. சட்டத்தரணியை வைக்காமல் தாமே வாதாடினார். சட்டத்தை மீறியதை மறுக்கவில்லை. ஏன் மீறினேன் என்பதையே எடுத்துரைத்தார். நீதிமன்றம் ஐந்து பவுண் தண்டம் விதித்தது. பன்மடங்கு கூடுதலாகவும் விதித்திருக்கலாம். வழக்கு முடிந்ததும் அரச தரப்பில் வாதாடிய சட்டத்தரணியே தம் பையிலிருந்து ஐந்து பவுணை எடுத்து அவரிடம் நீட்டினார் என்று சொல்லப்படுகிறது. அதை அவர் தண்டமாகச் செலுத்தாமல் குழந்தைகளுக்கான நிதியின் முதற் காணிக்கையாக வைத்துக்கொண்டாராம்.

சில நாட்களுக்குள், மே 19ஆம் திகதி, இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடியது. 'சிறுவர் பாதுகாப்பு நிதியம்' அங்கே தொடங்கப்பட்டது. சற்று நினைத்துப் பாருங்கள். அந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளில் யாரோ ஒரு மகனோ கணவனோ சகோதரனோ போரில் இறந்திருந்தான். அவனைக் கொன்ற நாட்டின் பிள்ளைக்குப் பால் வாங்கப் பணம் தாருங்கள் என்று அவர்களிடம் கேட்பது இலேசான காரியமா? துரோகி என்ற பெயர் வந்தது. கண்டனக் குரல்களும் எழுந்தன. ஆனாலும் பணமும் வந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் சங்கம் பெருந்தொகையை வழங்கியது. செல்வந்தர் தயங்கி நின்றபோது கரிபடிந்த கைகள் நீண்டன.

திருச்சபைகளும் கைகொடுக்க வேண்டும் என்று எக்லன்டைன் விரும்பினார். முதலில் தம் சொந்தத் திருச்சபையின் தலைவரான கன்டபரிப் பேராயரை அணுகினார். பேராயர் தயங்கினார். அதன் பின்னர் அவர் உரோமைக்கு எழுதினார்.

பதினைந்தாம் ஆசீர்வாதப்பரைப் பற்றி இங்கே ஒரு சொல். போர் தொடங்கிய சில வாரங்களுக்குள் திருப்பீடத்தில் ஏறியவர் அவர். 1914ஆம் ஆண்டு நத்தாருக்காவது துப்பாக்கிகளை நிறுத்துங்கள் என்று கேட்டார், கேட்பாரில்லை. 1917 ஓகஸ்டில் சமாதானத் திட்டமொன்றை நாடுகளின் முன் வைத்தார். இரு தரப்பும் அவரை மறுதரப்பின் ஆதரவாளர் என்று ஏசின. கைதிகளுக்கும் காணாமற்போனோரைத் தேடிய குடும்பங்களுக்கும் வத்திக்கானின் கருவூலம் குறையுமளவுக்கு உதவினார். போர்க்காலத்தில் பட்ட அவமானத்தை அவர் உணர்ந்திருந்தமையால்தானோ என்னவோ, துரோகியென்று பெயர் வாங்கிய இங்கிலாந்துப் பெண்ணின் வேண்டுகோளை அவர் தட்டிக்கழிக்கவில்லை.

1919 நவம்பர் 24ஆம் திகதி அவருடைய சுற்றுமடல் வெளியாயிற்று. யாழ்ப்பாணத்து ஆயர் உட்பட, கொழும்புப் பேராயர் உட்பட, உலகின் ஆயர்கள் எல்லோருக்கும் உரிய மடல் அது. மாசில்லாக் குழந்தைகளின் விழாவில் மக்களைச் செபிக்கவும் காணிக்கை வழங்கவும் அழைக்குமாறு அதில் பணித்தார். எக்லன்டைன் உரோமைக்குச் சென்று அவரை நேரிலும் கண்டார். பாப்பரசர் முன்வந்ததைக் கண்டபின் அங்கிலிக்கன் திருச்சபையும் ஏனைய சபைகளும் அதே நாளில் காணிக்கை எடுத்தன. பிரிந்து கிடந்த சபைகள் ஒரே நாளில், ஒரே நோக்கத்திற்காகக் கைநீட்டிய அரிய வேளை அது. கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய மாநாடுகள் பின்னாளில் எத்தனையோ கூடின. 1919இல் அதைச் செய்துகாட்டியவை வியன்னாவின் பசித்த வயிறுகள்.

மறு ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி பாப்பரசர் மீண்டும் ஒரு சுற்றுமடல் எழுதினார். அதில் சிறுவர் பாதுகாப்பு நிதியத்தைப் பெயர் குறிப்பிட்டே பாராட்டினார். கத்தோலிக்கர் நடத்தாத ஓர் அமைப்பைத் திருமடலில் பெயர்சொல்லிப் போற்றுவது அக்காலத்தில் மிக அரிது.

இதற்கிடையில் 1920 ஜனவரி 6ஆம் திகதி, திருக்காட்சிப் பெருவிழா நாளில், பல நாட்டுச் சங்கங்களை இணைக்கும் சர்வதேசச் சிறுவர் பாதுகாப்பு ஒன்றியம் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்த திருநாள் அது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அவ்வொன்றியத்திற்கு ஆதரவளித்தது.

பிறகு ரஷ்யா. 1921இல் வொல்கா நதிக்கரையில் பெரும் பஞ்சம் வந்தது. அங்கே ஆட்சியிலிருந்தவர்களோ கடவுளை மறுத்தவர்கள், குருமாரைச் சிறையிலிட்டவர்கள். அவர்களுடைய நாட்டுக்கா உணவு அனுப்புவது என்று இலண்டன் நாளிதழ் ஒன்று தொடர்ந்து தாக்கியது. பஞ்சமே மிகைப்படுத்தப்பட்டது என்றும் எழுதியது. எக்லன்டைனின் நிதியம் வாதம் செய்வதைவிட ஒளிப்படக் கருவியை அனுப்புவது மேல் என்று தீர்மானித்தது. பஞ்சப் பகுதியில் எடுக்கப்பட்ட சலனப்படம் இங்கிலாந்தின் அரங்குகளில் காட்டப்பட்டது. 1921 செப்டெம்பரில் 600 தொன் பொருளோடு கப்பலொன்று இலண்டனிலிருந்து புறப்பட்டது. சரட்டோவ் மாகாணத்தில் அமைக்கப்பட்ட சமையற்கூடங்களில் உச்சக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் சிறுவர் உணவு பெற்றனர். தகப்பன் எந்தக் கட்சி, ஞானஸ்நானம் உண்டா இல்லையா என்று தட்டை நீட்டியவரிடம் யாரும் கேட்கவில்லை.

இத்தனையும் செய்த பின்னும் அவருடைய மனம் அமைதியடையவில்லை. இரக்கம் வற்றக்கூடியது என்பதை அவர் கண்டுகொண்டார். முதல் ஆண்டில் படத்தைப் பார்த்து அழுதவர், மூன்றாம் ஆண்டில் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். உண்டியலை நம்பி ஒரு குழந்தை உயிர்வாழ நேர்ந்தால், மக்கள் சலிப்படையும் நாளில் அக்குழந்தை சாகும். ஆகவே உலகம் குழந்தைக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை நாடுகள் தாமே ஏற்றுக்கொண்டு எழுத்தில் வைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். ஜெனீவா நகருக்கு அருகே சலேவ் என்ற மலை உண்டு. ஓய்வு நாளொன்றில் அவர் தனியே அதன்மீதேறி, நகரத்தையும் ஏரியையும் பார்த்தவாறு அமர்ந்து அந்த வாசகத்தை வரைந்தார் என்று சொல்வார்கள். மலைகளையும் தனிமையையும் அவர் மிகவும் நேசித்தவராதலால் அது நம்பக்கூடியதே.

அது மிகச் சிறிய பிரகடனம், ஐந்தே அம்சங்கள். இனம், நாடு, சமயம் என்ற எல்லா வேறுபாடுகளுக்கும் மேலாக மனிதகுலம் குழந்தைக்குத் தன்னிடமுள்ள மிகச் சிறந்ததையே தரக் கடமைப்பட்டுள்ளது என்ற முகவுரையோடு தொடங்குகிறது. உடலிலும் ஆன்மாவிலும் வளர வேண்டிய வழிகள் குழந்தைக்குத் தரப்பட வேண்டும் என்பது முதலாவது. பசித்த, நோயுற்ற, பின்தங்கிய, வழிதவறிய, அநாதையான பிள்ளைகளை ஏற்றுப் பேண வேண்டும் என்பது அடுத்தது. பிழைப்புக்கு வழிசெய்து, சுரண்டலினின்றும் காக்க வேண்டும் என்பதும், தன் திறமைகள் பிறருக்குத் தொண்டு செய்வதற்கே என்ற உணர்வில் குழந்தையை வளர்க்க வேண்டும் என்பதும் இறுதி இரண்டு. இவற்றின் நடுவே மூன்றாவதாக நிற்பது, இடர்க்காலத்தில் உதவி முதன்முதலாகக் குழந்தையையே சென்றடைய வேண்டும் என்ற அம்சம். இந்த ஒன்றை மட்டும் போர் புரிவோர் மதித்திருந்தால் எத்தனை சிறு கல்லறைகள் தோண்டப்படாதிருந்திருக்கும்! படைக்கு முதலிடம், பணக்காரனுக்கு அடுத்த இடம், மிஞ்சினால் பிள்ளைக்கு என்ற உலக ஒழுங்கை அது தலைகீழாக்குகிறது. சிறு பிள்ளையொன்றை அழைத்துச் சீடர்களின் நடுவே நிறுத்திய ஆண்டவருடைய செயலை இங்கே நீங்கள் நினைவுகூர்வீர்கள்.

ஒன்றியம் 1923இல் அதனை ஏற்றது. 1924 செப்டெம்பர் 26ஆம் திகதி உலக நாடுகளின் அன்றைய சங்கம் அதனை அங்கீகரித்தது. ஜெனீவாப் பிரகடனம் என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. குழந்தைக்கென உலக நாடுகள் கூடி ஏற்ற முதல் ஆவணம் அதுவே.

எக்லன்டைன் நெடுங்காலம் தைரொயிட் சுரப்பி நோயினால் துன்புற்றார். பலமுறை சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவர் சம்பளம் பெறாத கௌரவச் செயலாளராகவே பணியாற்றினார். மெலிந்த உடலும் முன்னரே நரைத்த தலையும் ஓயாத வேகமும் கொண்ட அவரை உடனுழைத்தோர் வெண்சுடர் என்று அழைத்தனர். ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள பிள்ளைகளையும் தம் பணி சென்றடைய வேண்டும் என்று திட்டமிட்டுக்கொண்டிருந்த வேளையில், 1928 டிசெம்பர் 17ஆம் திகதி ஜெனீவாவில் இறந்தார். வயது 52. நத்தாருக்கு எட்டு நாட்கள் இருந்தன.

அவருடைய பிரகடனம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் இறந்து பதினொரு ஆண்டுகளுக்குள் இரண்டாம் உலகப் போர் வந்தது. யூதக் குழந்தைகள் மட்டும் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஏரோதின் வாள் இயந்திரமாகியிருந்தது. பிரகடனத்தை ஏற்ற நாடுகளை அதற்குக் கட்டுப்படுத்த எந்தச் சட்டமும் இருக்கவில்லை. அவர் தோற்றார் என்று சொல்பவர்களும் உண்டு. அதை முற்றாக மறுக்க என்னால் இயலாது. ஆனால் அவர் நட்ட வித்து மண்ணுக்குள் கிடந்தது. 1959இல் ஐக்கிய நாடுகள் சபை விரிவான பிரகடனமொன்றை வெளியிட்டது. 1989 நவம்பர் 20ஆம் திகதி, நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் சிறுவர் உரிமைகள் சமவாயம் பிறந்தது. அதை முதன்முதலாக ஏற்றுறுதிப்படுத்திய சில தரப்புகளுள் திருப்பீடமும் ஒன்று, அது 1990இல். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது.

அச்சமவாயத்தின் 38ஆம் உறுப்புரை, பதினைந்து வயது நிரம்பாதவரைப் படையில் சேர்க்கலாகாது என்று மட்டுமே விதித்தது. பதினைந்து போதாது என்று உலகம் உணர மேலும் பல போர்கள் வேண்டியிருந்தன. 2000 மே 25ஆம் திகதி ஏற்கப்பட்ட விருப்பு நெறிமுறை, பதினெட்டு வயதிற்குக் குறைந்தோர் நேரடிச் சமரில் ஈடுபடாதவாறு தடுக்க அரசுகளைப் பணித்தது; அரச படையல்லாத ஆயுதக் குழுக்கள் அவ்வயதினரைச் சேர்க்கவே கூடாது என்றது. இலங்கை அதே ஆண்டிலும் திருப்பீடம் மறு ஆண்டிலும் அதனை ஏற்றன. ஏற்ற பின்னரும் நம் மண்ணில் 2009 வரை பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை, பாடசாலைக்குப் போன பிள்ளை மாலையில் திரும்புமா என்று வாசலில் நின்ற தாய்மார் அறிவார்கள். அவர்களுள் சிலர் இப்பத்தியையும் வாசிப்பார்கள்.

எக்லன்டைனை முதலில் ஜெனீவாவின் புனித ஜோர்ஜ் சேமக்காலையில் அடக்கம் செய்திருந்தனர். அவருடைய பிரகடனத்தின் நூறாவது ஆண்டான 2024இல், அந்நகரம் தன் பெருமக்களை வைக்கும் அரசர் சேமக்காலைக்கு அவருடைய எச்சங்களை மாற்றி நல்லடக்கம் செய்தது. சீர்திருத்தச் சபையின் கல்வினுக்குரியதாகக் கருதப்படும் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. பாப்பரசரின் வாசலில் குழந்தைகளுக்காகக் கைநீட்டிய பெண் இப்போது கல்வினுக்கு அயலில் உறங்குகிறார்.